எஞ்சின் சமையற்கட்டில் இருக்கிறது

சின்ன வயதில் நான் கைகாட்டியாக இருந்தேன். ரயில் நிலையத்துக்கு வெளியே ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் கைகாட்டி. சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வெயிலில் இரண்டு மணி நேரம் கையை மடக்காமல் நின்று பார்த்தவளுக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்குப் பின்னாலேயே ரயில் பாதை. அதனால் தெருப் பிள்ளைகளுக்கு ரயிலை விட்டால் வேறு விளையாட்டே கிடையாது. கிணற்றுக் கயிறு ஒன்றை வட்டமாக முடிந்து, அதற்குள் முதல் ஆளாக என் அண்ணன் நிற்பான். என்னைவிட நான்கு வயது மூத்தவன். அவன்தான் எஞ்சின். மற்றப் பையன்கள் பெட்டிகள். நான் எஞ்சின் ஆகிறேன் என்று கேட்டால், "பொட்டப்புள்ள எஞ்சின் ஆனா வண்டி கவுந்துரும்டி" என்பான். பெட்டியாகவாவது சேர்த்துக்கொள் என்று கெஞ்சினால், "நீ மெதுவா ஓடுத. கைகாட்டியா நில்லு. கைகாட்டி இல்லாம ரயிலே கெடையாது, தெரியுமா?" என்பான். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கிப்போய், புளியமரத்துக்குப் பக்கத்தில் வலது கையை நீட்டி நிற்பேன். ரயில் வந்து எனக்கு முன்னால் நின்று கூவும். நான் கையை இறக்குவேன். போகும். அவ்வளவுதான் என் பங்கு.

ஒருநாள் ரயில் வரவே இல்லை. பக்கத்துத் தெருவில் கரடி வித்தைக்காரன் வந்திருந்தானாம். எஞ்சின், பெட்டிகள், கார்டு எல்லாம் அங்கே ஓடிவிட்டன. எனக்கு யார் சொல்வது? விளக்கு வைக்கிற நேரம் வரை நின்றேன். அண்ணன் தேடிக்கொண்டு வந்து, "ஏட்டி, கூறுகெட்டவளே, வீட்டுக்கு வா" என்றான். "ரயில் இன்னும் போகலியேண்ணே" என்றேன். ஒரு தடவை கூவிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடியிருந்தால் கையை இறக்கியிருப்பேன். அதைச் செய்யவில்லை பாவி. மண்டையில் ஒரு குட்டு வைத்து, நீட்டிய கையைப் பிடித்தே இழுத்துக்கொண்டு போனான். எனக்கு அப்போது ஆறு வயது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என்றைக்காவது நான் எஞ்சின் ஆகாமல் சாவதில்லை என்று.

பிறகு கல்யாணம். மாப்பிள்ளைக்கு அந்தமானில் அரசாங்க வேலை என்றார்கள். கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. போர்ட் பிளேயரில் டெலானிபூர் மேட்டில் மர வீடு, தகரக் கூரை. இரண்டு பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். மூத்தவள் பெண், அடுத்தது பையன். ரயிலே இல்லாத ஊரில் எஞ்சின் ஆவது எப்படி? ஒன்பது வருஷம் அந்த ஆசை என் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

அதைக் கிளப்பிவிட்டது பெண்ணின் தமிழ்ப் பாடப் புத்தகம். மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த புத்தகம், ரயிலைப் பற்றி ஒரு பாடம். படத்தில் வரிசையாக ஜன்னல்கள், ஜன்னலுக்கு ஒரு தலை, தலைக்கு ஒரு கை. எஞ்சின் எதிர்ப்பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைக் கரப்பான் தின்றுவிட்டிருந்தது. எட்டு வயதுக்காரி புத்தகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, இது ஜூட் தானே? சுத்தப் பொய்தானே?"

"எதுட்டி பொய்?"

"இரும்புக் கம்பி மேல வீடு ஓடுமாம். தண்ணி இல்லாம எப்படி மிதக்கும்?"

"மிதக்காது. உருளும்."

"இவ்ளோ பெரிசு உருளுமா? பாகல் மாதிரி பேசாதம்மா."

பெற்ற தாயைப் பார்த்துப் பைத்தியம் என்கிறாள், அதுவும் அந்தத் தீவுப் பிள்ளைகளின் ஹிந்தியில்! கோபம் ஒரு பக்கம் வந்தது. இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இங்கே அண்ணன் இல்லை. ரயில் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் வைத்ததுதான் சட்டம்.

துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்தேன். சேலையை ஏற்றிச் சொருகினேன். என் பிள்ளைகள் இருவரையும் பக்கத்து வீட்டு வங்காளிப் பிள்ளைகள் மூவரையும் கயிற்றுக்குள் நிறுத்தி, முன்னால் நான் போய் நின்றேன். முப்பத்திரண்டு வயதில், கடைசியாக, எஞ்சின். மூச்சை இழுத்துக் 'கூ' என்று ஆரம்பித்தேன்.

"ருக்கோ!" என்றாள் மகள். நில் என்று அர்த்தம். "பாஸ் எங்க?"

"எதுக்கு பாஸ்? டிக்கெட்தான்."

"அம்மை குத்துன சீட்டு? டாக்டர் பாத்தாச்சா? சும்மா ஏற விடுவாங்களா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தூரப் பயணம் என்றால் அந்தப் பிள்ளைகளுக்குக் கப்பல்தான். மெட்ராஸ் கப்பல் வரும்போதெல்லாம் ஊரே கப்பல் துறையில், அங்கத்துப் பேச்சில் ஜெட்டியில், கூடி நிற்கும். அப்பாவுக்கு வடக்கே மாயாபந்தரில் மூன்று மாத வேலை வந்தபோது அவர்களும் கப்பலில் போய் வந்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் பங்க் எனப்படும் இரும்புப் படுக்கையில் படுத்து, போக வர வாந்தியெடுத்தவர்கள். பயணத்தின் முறை என்னவென்று அவர்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் என் ரயில் கையைவிட்டுப் போயிற்று. டிக்கெட்டுக்கு வரிசை நின்றது. மகள் டாக்டராகி எல்லோருடைய நாக்கையும் பார்த்தாள். பிறகு கேப்டனாகி, கடல் கொந்தளிப்பாக இருப்பதால் ரயில் நாளைக்குத்தான் புறப்படும் என்று அறிவித்தாள். வாந்தியெடுக்க என் மகனை நியமித்தார்கள். ஐந்து வயதுதான், ஆனால் அந்த வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஹார்லிக்ஸ் டப்பாவை அணைத்தபடி நான்கு விதமாக வாந்தியெடுப்பான். பார்க்கிறவர்களுக்கும் வந்துவிடும்.

"எல்லாம் சரிட்டி, எஞ்சின் நான்தானே?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கெஞ்சலாகத்தான் வந்தது.

"ஆமா, நீதான் எஞ்சின்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. "ஆனா ஏன் முன்னாடி நிக்கற? எஞ்சின் கீழ இருக்கும். யாரும் பாக்க முடியாது. சத்தம் மட்டும் வரும். சமையக்கட்டுக்குப் போ."

எங்கள் வீடு மேட்டுச் சரிவில் இருந்ததால் சமையற்கட்டு இரண்டு படி கீழே. கப்பலின் அடித்தளத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அந்தத் தீவில் கிடையாது. வாதாடிப் பார்த்தேன். முன்னால் இருக்கும், கறுப்பாக இருக்கும், புகை விடும் என்றேன். "கப்பல் முன்னாடி எஞ்சின் வச்சா மூழ்கிரும்" என்றாள் மகள். அண்ணன் கவிழும் என்றான். இவள் மூழ்கும் என்கிறாள். எந்தப் பக்கம் போனாலும் நான் எஞ்சின் ஆனால் ஜனங்களுக்கு ஆபத்து!

போனேன். என்ன செய்ய? உலையில் அரிசி வேறு வெந்துகொண்டிருந்தது. 'குப்குப்' என்று ஆரம்பித்தால் மேலிருந்து அதட்டல் வந்தது. அடித்தொண்டையிலிருந்து 'டுகுடுகு' என்று விடாமல் வர வேண்டுமாம். விட்டேன் டுகுடுகு. அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டே விட்டேன். மேலே வராந்தாவில் ஐந்து பிள்ளைகளும் 'ஹோ'வென்று கத்தினார்கள். கப்பல் நகர்ந்துவிட்டது.

அன்றைக்குப் பிடித்தது சனி. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் கப்பல் புறப்படும். குழம்பில் உப்புப் பார்க்க வாயை மூடினால் போதும், "எஞ்சின் பந்த் ஹோ கயா!" என்று மேலே ஒப்பாரி. எஞ்சின் நின்றால் கப்பல் நடுக்கடலில் நின்றுவிடும், தண்ணீர் தீர்ந்துவிடும், முதலில் என் மகன் செத்துவிடுவான். அவன் செத்தால் எழுப்புவது பெரும்பாடு. அதனால் உப்புப் பார்க்காமலேயே சமைத்தேன். ஸ்டவ்வைப் பம்ப் அடித்து எரியவிட்டால் அதுவே ஒரு சத்தம் போடுமே என்று யோசனை சொன்னேன். "அது ஸ்டவ். நீதான் எஞ்சின்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள் கேப்டன். உண்மையைச் சொல்கிறேன், எரிச்சலுக்கு நடுவில் அது எனக்குக் கொஞ்சம் இனித்தது. ஒன்பது வருஷம் அந்தச் சமையற்கட்டில் கிடந்திருக்கிறேன். நான் நின்றால் கப்பலே நின்றுவிடும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர்தான் பாவம். ஒருநாள் ஆபீசிலிருந்து சீக்கிரமாக வந்தவர், "ஏளா, காப்பி இருக்கா?" என்றார்.

"டுகுடுகுடுகு" என்றேன்.

"என்னளா செய்யுது?"

"டுகுடுகுடுகு" என்று சொல்லிக் கையால் டம்ளரைக் காட்டினேன். எஞ்சின் பேசக் கூடாது. மனிதர் வெலவெலத்துப்போய் வாசலுக்கு ஓடினார். அங்கே அவருடைய மேலதிகாரி நின்றுகொண்டிருந்தார்! ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நாங்கள் ஊருக்குப் போக லீவு கேட்டிருந்தோம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். நல்லபடியாக ஒரு காப்பி கொடுத்துக் கேட்டுவிடலாம் என்றுதான் இவர் வீட்டுக்கே அழைத்துவந்திருக்கிறார்.

அதிகாரி கும்பகோணத்துக்காரர். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்தவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. வராந்தாவில் ஏறியவர் காதைக் கூர்மையாக்கினார்.

"உள்ள என்ன சத்தம்?"

"எஞ்சின்" என்றாள் மகள். "மெட்ராஸ் போற ரயில். நேத்து ராத்திரி சாத்தம் ஜெட்டிய விட்டுக் கிளம்பிச்சு."

ரயில், ஜெட்டி. அவர் ஒன்றும் குறுக்கே கேட்கவில்லை. சமையற்கட்டின் இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு போச்சு, இவருக்கு வேலையும் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். அப்போதும் வாய் மட்டும் டுகுடுகுவை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மகன் செத்துவிடுவானே.

"மெட்ராஸுக்கா?" என்றார் அதிகாரி மெதுவாக. "எடம் இருக்கா?"

"பாஸ் ஹை க்யா?" பாஸ் இருக்கிறதா என்று அதட்டினாள் கேப்டன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அது எங்கள் லீவுத் தாள். மகள் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து இல்ல. செல்லாது" என்றாள். என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி பேனாவைத் திறந்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். நாக்கையும் நீட்டிக் காட்டினார். பெரிய ஆபீசருக்கு பங்க் கிடையாது, கேபின்தான் என்று சொல்லி அவரைக் கட்டிலுக்கு அடியில் அனுப்பினாள். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார். அரை மணி நேரம் அங்கே படுத்திருந்தார். இரண்டு முறை டப்பாவைக் கேட்டு வாங்கியதாக மகன் பெருமையாகச் சொன்னான். போகும்போது என் வீட்டுக்காரரிடம், "கப்பல் ரொம்ப ஆடலை. எஞ்சின் நல்ல எஞ்சின்" என்று சொல்லிவிட்டுப் போனார். கண் கலங்கியிருந்ததாம்.

அப்படிக் கிடைத்த லீவில் நிஜக் கப்பலேறினோம். நான்கு நாள். மகள் இரும்புப் படுக்கையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, உன்ன மாதிரியே சத்தம் போடுது" என்று பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் எல்லாம் சொன்னாள். எனக்கு மானம் போயிற்று. மகன் நிஜமாகவே வாந்தியெடுத்தான். விளையாட்டில் இருந்த நேர்த்தி அதில் இல்லை.

எழும்பூரில் ரயில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் எங்கே என்று மகன் தண்டவாளத்துக்குள் எட்டிப் பார்த்தான். மகள் ஜன்னல்களை எண்ணிக்கொண்டே பிளாட்பாரத்தில் நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். கடைசி ஜன்னலும் முடிந்து, அதற்கப்பால் கன்னங்கரேலென்று, மூச்சு விட்டுக்கொண்டு, பெருமாள் கோவில் யானைபோல அது நின்றது. வெகு நேரம் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எஞ்சின் முன்னாடி இருக்கும்மா."

"அன்னைக்கே நான் சொன்னேம்லா."

"எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கு."

"ஆமாட்டி."

"அப்ப உன்ன ஏன் சமையக்கட்டுல வச்சோம்?"

வண்டியில் ஏறிய பிறகு விழுப்புரம் தாண்டும்வரை அவள் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து எஞ்சினையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, சின்ன வயதில் நாங்கள் ரயில் விளையாடியதை முதலிலிருந்து கேட்டாள். கயிறு, புளியமரம், கரடி, குட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "மாமாதான் உன்ன நிக்க வச்சதா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டாள்.

மறுநாள் காலையில் எங்கள் ஊரில் இறங்கினோம். அண்ணன் வந்திருந்தான். இப்போது அவன் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். கஞ்சி போட்ட வேட்டி, தொப்பை, கையில் குடை. சைக்கிளில் வந்திருந்தான். என்னைக் கண்டதும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தான். "மெலிஞ்சுட்டியேட்டி" என்றான். நான் அழுதுவிட்டேன்.

மகள் எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"மாமா, அம்மாவ கைகாட்டியா நிறுத்திட்டு கரடி பாக்கப் போனது நீங்கதானா?"

அண்ணன் உரக்கச் சிரித்தான். "அதையும் சொல்லிட்டாளா? ஒங்கம்மா மாதிரி கைகாட்டி..."

"இப்ப நீங்க நில்லுங்க. அம்மா எஞ்சின்."

"ஏய், ஸ்கூல் பிள்ளைக யாராச்சும் பாத்தா என் மானம் போயிரும்."

"கைகாட்டி இல்லாம ரயிலே கெடையாது மாமா."

சின்ன வயதில் அவன் சொன்ன வார்த்தையே அவனை மடக்கிவிட்டது. இளித்துக்கொண்டே பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய் குடையை நீட்டிப் பிடித்து நின்றான். பிள்ளைகள் இருவரும் என் முந்தானையைப் பிடித்தார்கள். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கடைசியில் நின்றார். கூவுவதற்கு மூச்சை இழுத்துப் பிடித்தேன். இருபத்தாறு வருஷம் காத்திருந்த விஷயம் இல்லையா?

அந்த நேரம் பார்த்து வாசலில் குதிரை வண்டிக்காரன் குரல் கொடுத்தான். இருந்தது ஒரே வண்டி, வேறு யாரோ ஏறப்போகிறார்கள் என்று. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினோம். பெட்டியை ஏற்றி, பிள்ளைகளை ஏற்றி, படுக்கையை ஏற்றி, வண்டி கிளம்பிவிட்டது. அண்ணன் சைக்கிளில் பின்னாலேயே வருவான் என்றுதான் நினைத்தேன். பாதி வழியில் மகன் திரும்பிப் பார்த்து, "மாமா வரல" என்றான். டயர் பஞ்சராகியிருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சுரீர் என்றது. வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

ஸ்டேஷன் காலியாகக் கிடந்தது. ஒரு போர்ட்டர் மட்டும் தூணில் சாய்ந்து, வாயைப் பிளந்தபடி ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாட்பாரத்தின் கோடியில் நல்ல வெயிலில் அண்ணன் நின்றான். குடை நீட்டியபடி இருந்தது. சட்டை முழுக்க வேர்வை.

ஓடிப்போய், "என்னண்ணே இது? நாங்க போயாச்சுன்னு தெரிஞ்சா வர வேண்டியதுதான?" என்றேன்.

"ரயில் இன்னும் போகலியேட்டி" என்றான்.

கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கேலி இல்லை. எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறான்.

"கை வலிக்குதுட்டி" என்றான், சின்னக் குரலில்.

நான் திரும்பி நடந்து, பழைய இடத்துக்கே போனேன். சேலையை ஏற்றிச் சொருகினேன். பிள்ளைகள் ஓடிவந்து முந்தானையைப் பிடித்தார்கள். பிடித்த மூச்சில் ஒரே ஒரு 'கூ' விட்டேன். குடை இறங்கியது. அவனைத் தாண்டி, போர்ட்டரைத் தாண்டி, பிளாட்பாரத்தின் சரிவில் இறங்கித் திரும்பும் வரை ஓடினேன்.

வண்டி கவிழவில்லை.